வான்கதவு திறக்கும் இடத்தில் நின்ற கணக்கு

எழுத்துக்கூட்டி வாசிக்கிற நான்தான் உருத்திரபுரத்தில் தனியாளாக அரிசி ஆலை கட்டினவன். எனக்கு மசியாத இயந்திரம் கிடையாது.

போன மாரியில் குளம் நிரம்பியது. மிகை நீரை வெளியே விடும் வான்கதவைத் திறந்தால் வெள்ளம் எங்கள் தெருவுக்கு வருமா என்று, நீரியல் படித்த என் மகள் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேரத்தைச் சிறு துண்டுகளாக நகர்த்திப் போன கணக்கு, கதவு திறக்கும் கணத்தில் ஒரு விடையிலும் நிலைகொள்ளாமல் நின்றுவிட்டது.

"துண்டைப் பாதியாக்கியும் நிக்குது, அப்பா."

"கிட்டமுட்ட வந்ததைச் சொல்லன், பிள்ளை!"

"அது விடையில்லை. அதை நம்பிச் சனத்தை வீட்டில இருத்தேலுமோ?"

வெளியே மழையில் அயலவர்கள் முடிவு கேட்டு நின்றார்கள். "என்னண்ணை, இருக்கிறதோ, போறதோ?"

அடித்துத் திருத்த அந்தத் திரையில் ஓர் ஆணிகூட இல்லை.

"எனக்குத் தெரியேல்ல. வெளிக்கிடுங்கோ" என்றேன்.

எல்லாரும் என் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் ஏறினார்கள். தெரியாது என்றவனை நம்பி எப்படி ஏறினார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.