செவ்வாய் வண்டிக்கு ஆயுத பூஜை

எங்கள் பட்டறைச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே ஒரு வண்டியின் படமும் தொங்குகிறது. ஆறு சக்கரம், நீண்ட கழுத்து, அதன் மேல் பெட்டி மாதிரி ஒரு தலை. செவ்வாய்க் கிரகத்தில் ஓடுகிற வண்டி அது. பாகூர் பக்கம் பவர் டில்லரும் ஆயில் என்ஜினும் பழுது பார்க்கிற இடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. "எங்க அண்ணன்கூடப் பொறந்தது" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அண்ணனுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த வாரம்தான் அந்த வண்டி அங்கே இறங்கியது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் படுத்தபடி டிவியில் பார்த்தார். இரண்டு வருஷ வேலைக்கு அனுப்பியிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். சாயங்காலம் டாக்டர் வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "என் பேட்டரி எத்தினி வருஷம் சார் வரும்?"

"எட்டு வருஷம் வரும். ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அத வுட எனக்கு ஆறு வருஷம் ஜாஸ்திடி."

எனக்குச் செவ்வாய் என்றாலே ஆகாது. ஜாதகத்தில் அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்லித்தான், பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். தங்கைக்கு முடியட்டும் என்று காத்திருந்த அண்ணனுக்கும் வயது போய்விட்டது. அப்பா அம்மாவுக்குப் பிறகு அவருக்கு நான், எனக்கு அவர். பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவது வரை நானும் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் முடிந்தது. வண்டி நிற்கவில்லை. அண்ணன் என்னைக் கேசரி கிண்டச் சொல்லி, பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

"ஒனக்கு இன்னா, பைத்தியமாண்ணா?"

"உசுரோட இருக்குதில்ல? துன்னுடி."

அதிலிருந்து, வண்டி இறங்கிய ஆடி மாதம் வந்தால் ஊரில் கூழ், எங்கள் பட்டறையில் கேசரி. வண்டியின் சக்கரத்தைக் கல் கிழித்து ஓட்டை போட்டுவிட்டது என்று போனில் படித்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "தகடுல சக்கரம் செஞ்சா கல்லு சும்மா வுடுமா? என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." பாறையில் துளை போடும் கருவி பழுதாகி, பூமியிலிருந்தே யோசனை செய்து அதை மறுபடி வேலை செய்ய வைத்தபோதோ, அன்று வந்த டில்லர்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் சட்டையெல்லாம் கிரீஸ்.

எட்டாவது வருஷம் நெருங்கியபோது அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மறுபடி அறுப்பார்கள் என்ற பயம். வாயில் வேறு பேச்சு வந்தது. "ரெண்டு வருஷத்துக்குன்னு போனது எட்டு வருஷமா ஓடுது. எட்டு வருஷத்துக்குன்னு வச்சது அதுக்கு மேல ஓடாதா?" கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சோறாக்காமல் பார்த்தேன். பரோட்டா வாங்கித் தின்றுவிட்டு வந்தார். சுத்தியலால் நான்கு அடி அடித்தால் ஐந்தாவதுக்கு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் காலையில் எழுப்பும்போது எழுந்திருக்க மாட்டாரோ என்று, ராத்திரியில் போய் அவர் மூச்சு விடுகிறாரா எனப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சாமந்தி மாலைகளை நான்தான் கட்டினேன். கம்ப்ரசருக்கு ஒன்று, வெல்டிங் மிஷினுக்கு ஒன்று, பழுதுக்கு வந்திருந்த டில்லருக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போன கை, அதே வேகத்தில் வண்டிப் படத்துக்கும் ஒன்றைப் போட்டுவிட்டது. மிஷினுக்கு மாலை போட்டால் பூஜை, படத்துக்கு மாலை போட்டால் வேறு அர்த்தம் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை.

பூஜைப் பொரி வாங்க வந்த எங்கள் பழைய வாடிக்கை, கரும்புக்காரர்தான் முதலில் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அடப்பாவமே, நின்னு போச்சாம்மா? எப்போ?"

கற்பூரத்தட்டோடு நின்ற அண்ணன் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. தட்டை அப்படியே டில்லர் மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நின்னுடுச்சாடி? எங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியாவது பயந்து ஆஸ்பத்திரிக்கு வருவார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லண்ணா, கை தவறிப் போட்டுட்டேன். அது ஓடுது." அதற்குள் அழுகை வந்துவிட்டது. "ஆனா அது சும்மா ஓடலண்ணா. சக்கரம் கிழிஞ்சா பாக்கறதுக்கு, கல்லு இல்லாத வழியா ஓட்டறதுக்கு அங்க எத்தினி பேரு குந்திக்கினு இருக்காங்க. ஒன்னப் பாக்க நான் ஒருத்திதான் இருக்கேன். நீ பாக்க வுட மாட்டேங்கற."

அண்ணன் எழுந்து, மாலையைத் தன் கையாலேயே கழற்றி, இரும்பைப் பிடிக்கிற வைஸ் மேல் போட்டார். மறுநாள் விஜயதசமி. அதற்கு அடுத்த நாள் காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புடி, பஸ்ஸு போயிடும்" என்றார். பேட்டரி கடைசிச் சொட்டில் இருந்ததாம். புதிதாக மாற்றி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நான்கு ஆடிக்குக் கேசரி கிண்டினோம். போன தை மாதம் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நுரையீரல்தான் கைவிட்டது. எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டுமாம், ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் இன்னும் பல வருஷத்துக்குப் பேட்டரி இருந்தது.

இந்த ஆயுத பூஜைக்கும் மாலை நான்தான் கட்டினேன். கம்ப்ரசருக்குப் போட்டேன், டில்லருக்குப் போட்டேன். அண்ணன் படத்துக்கும் போட்டேன். அந்தச் சின்னப் பேஸ்மேக்கருக்கும் வண்டிப் படத்துக்கும் குங்குமம் மட்டும் வைத்தேன். பொரி வாங்க வந்த கரும்புக்காரர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடுதாம்மா?"

"ஓடுதுங்க."