நடுவில் மட்டும் வெட்டாத லேசர்

கையால் அறுத்தால் எனக்குக் கோடு கோணும். அதனால்தான் ஆன்லைனில் ஒரு சின்ன லேசர் கட்டர் வாங்கினேன். நாலு கால் வைத்த அலுமினியச் சட்டம், அதில் ஓடும் ஒரு லேசர் தலை, அவ்வளவுதான். செஞ்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தரையில் தகரம் போட்டு, அதன் மேல் ப்ளைவுட்டை வைத்து வெட்டுவேன். மகள் சேர்த்துச் சேர்த்து விளையாட மாடு, மயில், கோட்டை எல்லாம்.

ஓரங்களில் வழுக்கிக்கொண்டு வெட்டும். நடுவில் வந்தால் கருகும், அறுபடாது. பெல்ட்டை இறுக்கினேன், லென்ஸைத் துடைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். லேசர் தலைக்கும் பலகைக்கும் எப்போதும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். அதை அளக்க ஒரு சின்னக் கட்டை கூடவே வந்திருந்தது. முதல் நாள் அந்தக் கட்டை நடுவில் இறுக்கமாக நின்றது. சில வாரம் கழித்து அதற்கு மேல் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் செருக முடிந்தது. அப்புறம் அதுவும் லூசாகிவிட்டது.

மெஷினைத் தூக்கிப்போய்ச் சமையலறையில் வைத்தேன். அங்கே நடுவிலும் சுத்தமாக வெட்டியது. கூடத்துக்குத் திரும்பினால் பழைய கதை. தரைதான் இறங்குகிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கணவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவருக்குச் சுவர் நூல் பிடித்துக் காட்டினேன். நூலுக்கடியில் நடுவில் மட்டும் விரல் நுழைந்தது. உடனே அவர் டைல்ஸ் போட்டவரைத் திட்ட ஆரம்பித்தார்.

வீடு என் அப்பா கட்டியது. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த அவருடைய சொந்த நிலம். அவரிடமும் சொன்னேன். தரையைப் பார்க்கக்கூட இல்லை. மெஷினைச் சமையலறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நடு இடம்தான் என் மகளுக்குப் பிடித்த இடம். வெயில் காலத்தில் அங்கே மட்டும் டைல்ஸ் ஜில்லென்று இருக்கும். கன்னத்தை ஒட்டி வைத்துப் படுத்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படிப் படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கீழ யாரோ மண்ணு கொட்டறாங்க."

எலியாக இருக்கும் என்று நானும் காதை வைத்தேன். சர சரவென்று எதுவோ சரிந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஆழத்தில், மறுபடி சரிந்தது. அவள் அதற்குள் கண்ணை மூடிவிட்டாள். அசைத்தால் எழுந்து அழுவாள் என்று விட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த நைனாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அங்கே ஒரு கிணறு இருந்ததாம். தண்ணீர் வற்றியதும் பனந்துண்டும் இடிபாடுமாகப் போட்டுத் தூர்த்து, அதன் மேலேயே கூடத்தைக் கட்டியிருக்கிறார். கிணற்றின் மேல் வீடு கட்டக்கூடாது என்பார்கள் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பனந்துண்டு மக்கியிருக்கும்.

நான் உள்ளே ஓடினேன். வாசற்படியிலேயே என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு அவர் போனார். சுவரில் தோள் உரச, ஓரமாகவே நடந்தார். ஓரிடத்தில் நின்று, குப்புறப் படுத்து, கையை நீட்டி அவள் பாவாடையைப் பிடித்து மெல்ல இழுத்தார். வழவழவென்ற தரையில் அவள் தூக்கம் கலையாமல் அவரிடம் வந்து சேர்ந்தாள்.

எந்த டைல்ஸோடு நிற்க வேண்டும் என்று அவர் யோசிக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவி போட, சாமி கும்பிட, எதற்குப் போனாலும் நைனா அந்தக் கூடத்தில் சுவரோரமாகத்தான் போவார். குறுக்கே நடந்து நான் பார்த்ததே கிடையாது.

"ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேம்மா," என்றார். "இத்தினி வருசம் தாங்கிச்சே."

"அப்ப நீ மட்டும் ஏன் நைனா ஓரமாவே நடந்த?"

அவர் தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டிக் கொடுத்தார். நான் அவளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.