மூன்றாவதாக இறங்குகிறவர்

‘தொலைவட்டம்’ பெரிய தொடர் என்று அன்னம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல அதில் அதிகம் இருக்கவும் இல்லை. ‘பருந்து’ என்ற விண்கலம் வாரத்துக்கு ஒரு கிரகத்துக்குப் போகும். தொடக்கத்தில் கேப்டன் வெஸ்ட்ரா கலத்தின் நாட்குறிப்பில் நாலு வரி பேசுவாள். எங்கே வந்திருக்கிறோம், எதற்கு வந்திருக்கிறோம் என்பது பார்க்கிறவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அங்கிருப்பவர்கள் கேப்டனின் மொழியையே பேசுவார்கள். தமிழ்ப் பதிப்பில் அவர்கள் பிழையில்லாத தமிழ் பேசினார்கள் என்றால் அதற்கு அன்னம்மாள்தான் பொறுப்பு. எது உடைந்தாலும் அந்த வாரமே சரியாகிவிடும். கடைசிக் காட்சியில் கேப்டனும் டாக்டரும் பெரிய கண்ணாடி முன்னால் நின்று ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அடுத்த வாரம் யாருக்கும் போன வாரம் ஞாபகம் இருக்காது.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. கிரகத்தில் எப்போதும் மூன்று பேர் இறங்குவார்கள். முதல் இருவருக்குப் பெயர் இருக்கும். மூன்றாவதாக இறங்குகிறவருக்கு இருக்காது. எழுத்துப் பிரதியில் அவர் வெறும் ‘காவலர் 2’. தலைப்பு இசை வருவதற்குள் செத்துப்போவார். இந்த இடம் ஆபத்தானது என்று காட்ட எழுதியவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சாலையில் பள்ளம் இருந்தால் ஒரு கிளையை ஒடித்து நட்டு வைப்பதைப் போலத்தான் அவருடைய சாவும். பார்க்கிறவர்கள் கிளையைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். கிளைக்காக யாரும் வருந்துவதில்லை.

முதல் சீசன் முழுக்கத் தமிழில் அந்தக் காவலர்களாகச் செத்தவர் அன்னம்மாளின் கணவர் லாயிட்.

அன்னம்மாள் பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில். ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாராளமாகப் பாராட்டுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. எவ்வளவு நல்ல கட்டுரையாக இருந்தாலும் அதன் ஓரத்தில் ‘பரவாயில்லை’ என்றுதான் எழுதுவார். அந்தச் சொல்லுக்காக ஏங்கிய மாணவிகள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு வைட்ஃபீல்டில் ஒரு டப்பிங் நிறுவனம் தமிழ் வசனம் எழுதக் கூப்பிட்டது. பெயிண்ட் கம்பெனி டிப்போவில் வேலை பார்த்து ஓய்ந்திருந்த லாயிட், துணைக்கு என்று கூடவே போய் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர். ஒருநாள் சாவதற்கு ஆள் வராமல் போகவே, “சார், நீங்க வந்து ஒரு தடவை கத்துங்களேன்” என்றார்கள். அன்றிலிருந்து லாயிட் செத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டிலும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

“இன்னிக்கு எப்படிச் செத்தீங்க?” என்று அன்னம்மாள் கேட்பார்.

“பச்சைப் புகை. மூக்குல ஏறிடுச்சு, டீச்சர்.”

“நேத்தும் புகைதானே?”

“நேத்து நீலம். நீயே எழுதிட்டு மறந்துட்டா எப்படி? ஏன் டீச்சர், எனக்கு ஒரே ஒரு பேரு வெச்சாத்தான் என்ன? ஹெல்மெட் போட்டிருக்கான், வாய் தெரியாது. கேப்டன் ‘ஜோசப், பார்த்து’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமே.”

“பேரு வெச்சா அப்புறம் சாக விடமாட்டாங்க. உங்க பொழப்புதான் போயிடும்.”

மறுநாள் பதிவு என்றால் லாயிட் முதல்நாளே ஹாலில் உட்கார்ந்து பயிற்சி செய்வார். அன்னம்மாள் சமையலறையிலிருந்தபடியே திருத்துவார். “நல்லா இல்ல. இன்னொரு தடவை.” மறுபடி செய்வார். “வயித்துலேர்ந்து வரணும். இன்னொரு தடவை.” மூன்றாவதிலோ நான்காவதிலோ “பரவாயில்லை” கிடைக்கும். லாயிட் எழுந்து நின்று கூட்டத்தை வணங்குவதுபோல் சமையலறைப் பக்கம் குனிந்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

ஜனவரியில் ஒரு காலை. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் இறக்கவில்லை. இரண்டாவது சீசனுக்கு மறுநாள் முதல் பதிவு. அன்னம்மாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குட்டையான சத்தம். கையில் இருந்த பையை யாரோ கீழே வைத்தது போல.

“நல்லா இல்ல,” என்றார் அன்னம்மாள். “இன்னொரு தடவை.”

பதில் வரவில்லை. மூச்சை இழுத்துத் தயாராகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு தோசையைத் திருப்பிப் போட்டார். அது வெந்ததும் தட்டில் எடுத்து வைத்து, சட்னி ஊற்றி, ஹாலுக்குக் கொண்டுபோனார். லாயிட் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

“நீங்க முன்னாடியே வந்து பாத்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா,” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் ‘பருந்து’ கலத்தின் டாக்டரும் ஒவ்வொரு வாரமும் கேப்டனிடம் இதையேதான் சொல்வார். அந்த வரியை அன்னம்மாளே எத்தனையோ தடவை, வாயசைவுக்குத் தக்கபடி, நீட்டியும் குறைத்தும் எழுதியிருக்கிறார். தான் எழுதிய வரியைத் தன்னிடமே ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது?

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சபைப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுதுடு அன்னம்மா, உள்ள வெச்சுக்காத” என்றார்கள். உள்ளே எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த காலைத் தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரமே வேலைக்குப் போனார். அல்சூரில் மெட்ரோ ஏறினார், வைட்ஃபீல்டில் இறங்கினார், வசனம் எழுதினார். நட்சத்திரம் வாசலிலேயே வெளுத்துக்கொண்டிருந்தது. கல்லு மனசு என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அதை மறுக்கவும் தோன்றவில்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் மரத்துப்போகாமல் இருந்தது. அந்தக் காலைச் சத்தம் மற்றச் சத்தங்களிலிருந்து வேறாக இருந்ததா? எப்போதும் போலவே இருந்திருந்தால், யார் இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். வேறாக இருந்திருந்தால், அது அன்னம்மாளின் காதில் விழுந்திருக்க வேண்டும். கேட்டுத் திருத்துவதே தொழிலாக வாழ்ந்தவர் அவர். லாயிட்டின் சாவுகள் எல்லாம் ஸ்டூடியோவில் பத்திரமாக இருந்தன. முனகல், இருமல், விழுகிற சத்தம் எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதற்கு ‘பேங்க்’ என்று பெயர். கேட்டிருந்தால் அன்றே போட்டுக் காட்டியிருப்பார்கள். அன்னம்மாள் கேட்கவில்லை.

மே மாதத்தில் அது தானாக வந்தது.

“மேடம், சீனு அண்ணன் இன்னிக்கு லீவு,” என்றான் பாலகுமார். திருப்பத்தூர்க்காரன், ஒலிப்பதிவு அவன் பொறுப்பு. லாயிட்டுக்குப் பிறகு சாவதற்கு வந்தவர் மர்பி டவுன் சீனு. “தங்கச்சி கல்யாணம். காவலர் டூவுக்கு டயலாக் எதுவும் இல்ல, சாவுறது மட்டும்தான். அதான் பேங்க்லேர்ந்து எடுத்து வெச்சுட்டேன்.” கொஞ்சம் தயங்கினான். “அது வந்து, சாரோடது. வேணாம்னா சொல்லுங்க மேடம், எடுத்துடறேன்.”

“போடு பாலா.”

திரையில் சாம்பல் நிற மண். கேப்டன் இறங்கினாள், டாக்டர் இறங்கினார், மூன்றாவதாக ஹெல்மெட் போட்ட ஒருவர் இறங்கினார். மண்ணுக்குள்ளிருந்து ஏதோ நீண்டு அவர் காலைச் சுற்றியது. லாயிட் செத்தார்.

முதலில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அப்புறம் தொண்டையில் ஒரு சிக்கல். பிறகு குரல் மேலே ஏறி, உடைந்து, இறங்கியது. கடைசியில் உடல் விழுகிற சத்தத்துக்காகத் தொடையில் ஓர் அடி. அந்த அடி அன்னம்மாளுக்குப் பழக்கமானது.

“இன்னும் இருக்கா?”

“நிறைய இருக்கு மேடம்.”

“எல்லாத்தையும் போடு.”

பாலகுமார் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டான். புகையில் ஒரு சாவு, பாறைக்கு அடியில் ஒன்று, மின்னல் தாக்கி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சை இழுக்கிற சத்தம் இருந்தது. சாகப்போவது தெரிந்தவன்தான் அப்படி மூச்சை இழுத்துக்கொள்வான். அந்தக் காலையில் அது இல்லை. மூச்சும் இல்லை, குரல் ஏறவும் இல்லை, தொடையில் அடியும் இல்லை. இவை எதோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்படியானால் வேறுதான். அன்னம்மாளின் காதில் விழுந்திருக்கிறது. நல்லா இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்துமிருக்கிறார். கண்டுபிடித்துவிட்டுத் தோசையைத் திருப்பியிருக்கிறார்.

நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். ஏசி குளிர் கழுத்தில் பட்டது. வேறு எதுவும் நடக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு மமதா உள்ளே வந்தாள். தொடர் மொத்தத்தையும் மேற்பார்வையிடுகிறவள், மைசூர்ப் பெண். தமிழ் பேசுவாள், நடுநடுவே கன்னடம் வந்துவிடும். “பாலா, அந்த சவுண்ட் பேடா, வேணாம். ஃபர்ஸ்ட் சீசன் சவுண்ட் திரும்ப வருதுன்னு கிளையன்ட் போன எபிசோட்லயே கத்தினாங்க. புதுசா ஒண்ணு எடுங்க. இவத்தே, இன்னிக்கே அனுப்பணும்.”

“சீனு அண்ணன் கல்யாணத்துல இருக்காரு மேடம். போன்லயா சாவச் சொல்றது?”

“நீ பண்ணு.”

“நான்தான் மேடம் இந்த எபிசோட்ல கிரகத்துப் பூசாரி. கண்டுபிடிச்சிடுவாங்க. நீங்க வேணா பண்ணுங்க. ஹெல்மெட் ஃபில்டர் போட்டா ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது.”

“நான் பண்ணா அவன் கன்னடத்துல சாவான்,” என்றாள் மமதா. பாலகுமார் சிரித்தான்.

“நான் பண்றேன்,” என்றார் அன்னம்மாள்.

இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“அய்யோ, உங்களுக்கு எதுக்கு மேடம்,” என்று மமதா ஆரம்பிப்பதற்குள் அன்னம்மாள் ஒலிப்பதிவு அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். உயரம் போதாமல் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலகுமார் கையைத் தூக்கினான். காதில் மூன்று பீப். திரையில் மூன்றாவது ஆள் மண்ணில் காலை வைத்தார்.

அன்னம்மாள் நடிக்கவில்லை. நடிக்க அவருக்குத் தெரியாது. ஜனவரியில் ஹாலிலிருந்து வந்த சத்தத்தை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், திருப்பிச் சொன்னார். மாணவிகளுக்கு ஒரு செய்யுளை ஒப்பித்துக் காட்டுவதுபோல. குட்டையாக, மூச்சை இழுக்காமல். அதுவரை அந்தச் சத்தத்தை அவர் யாருக்கும் கேட்கக் கொடுத்ததில்லை.

ஹெட்போனில் பாலகுமாரின் குரல் மரியாதையாக வந்தது.

“மேடம், நல்லா இல்ல. இன்னொரு தடவை போலாமா?”

பின்னாலிருந்து மமதாவும் சொன்னாள்: “செத்த மாதிரியே இல்ல மேடம். சோபால உக்காந்த மாதிரி இருக்கு.”

“சாரி மேடம்,” என்றான் பாலகுமார் அவசரமாக. “தப்பா எடுத்துக்காதீங்க.”

அன்னம்மாள் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாலகுமாருக்கு நல்ல காது. ஒரு வார்த்தையில் ‘ர’ இடறினால்கூட நிறுத்திவிடுவான். மமதாவுக்கும் இதுதான் வேலை. அவர்கள் இருவரும் சத்தத்தைக் கேட்டார்கள், கவனித்தே கேட்டார்கள், அன்று அவர் சொன்னதையேதான் சொன்னார்கள். உண்மையான சாவு மோசமான நடிப்பாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அவர்களில் யாரும் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு ஓடியிருக்கமாட்டார்கள்.

இதைத்தான் அவர் ஜனவரியிலிருந்து தெரிந்துகொள்ள விரும்பினார். தெரிந்துவிட்டது. தெரிந்தால் இலேசாக இருக்கும் என்று எண்ணியிருந்தார். குற்றம் இல்லை என்று ஆனாலும் தோசை தோசையாகத்தான் இருந்தது. அதைத் திருப்பிய கை, இதோ, ஹெட்போன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“மேடம்? ஓகேயா?”

“இன்னொரு தடவை போலாம்,” என்றார்.

மூன்று பீப். இந்த முறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார், சாகப்போவது தெரிந்தவர்போல. தொண்டையில் சிக்கல். வயிற்றிலிருந்து குரல் ஏறி, உடைந்து, இறங்கியது. முடிவில் தொடையில் ஓங்கி ஓர் அடி.

“சூப்பர் மேடம்! ஒரே டேக்!” மமதா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டினாள். பாலகுமார் அந்த இடத்திலேயே ஹெல்மெட் ஃபில்டரைப் போட்டு ஓட்டிப் பார்த்தான். குரல் ஆணுடையதாகவும் இல்லை, பெண்ணுடையதாகவும் இல்லை. பெயரில்லாத ஒருவர் நம்பும்படியாகச் செத்தார். தலைப்பு இசை வந்தது.

அன்னம்மாள் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. பெரிய கண்ணாடி முன்னால் கேப்டனும் டாக்டரும் நின்றார்கள். கேப்டன் காவலரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள். டாக்டர் அவள் தோளில் கை வைத்தார்.

“முன்பே தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, கேப்டன்.”

பாலகுமார் நிறுத்தினான். “இந்த வரி வாய்க்குச் சரியா உக்காருதா மேடம்? ‘செய்திருக்க’வுல கொஞ்சம் இழுக்குது. மாத்தணுமா?”

அன்னம்மாள் திரையில் நின்றுபோயிருந்த டாக்டரின் பாதி திறந்த வாயைப் பார்த்தார்.

“பரவாயில்லை,” என்றார். “இருக்கட்டும்.”

பாலகுமார் மறுபடி ஓட்டினான். கேப்டன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னாள், டாக்டர் சிரித்தார், கலம் நகர்ந்தது. அன்னம்மாளுக்குத் தொடையில் அடித்த உள்ளங்கை மட்டும் கொஞ்சம் எரிந்தது.