அப்பாவை டெல்லிக்கு அனுப்பினேன்

தான் குடிபோகப்போகும் அறையை அப்பா முதலில் எங்கள் மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்தார். பன்னிரண்டுக்குப் பத்து. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். குத்துமதிப்பு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வாசலுக்கு ஓர் இடைவெளி, ஜன்னலுக்கு இரட்டைக் கோடு. பிறகு கட்டில், ஈசிசேர், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் என்னைத் தூக்கிவரச் செய்து, கோட்டுக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"டேய், கோட்டை மிதிக்காத. அது சுவர்."

"சரிப்பா."

"கட்டிலை ஜன்னலோரம் போட்டா படுத்துகிட்டே கடலைப் பாக்கலாம். ஆனா பக்கத்து வீட்டு பாய் வந்தா எங்க உக்காருவார்?"

எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீலாகக் காலூன்றத் தொடங்கியிருந்தேன். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவியும் அவரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்கிற அளவுக்குச் சிநேகம். ஆனால் நெம்மேலி தாண்டி, மாமல்லபுரம் போகிற வழியில், ஒரு சவுக்குத் தோப்புக்குள் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வயதானவர்களுக்கென்று வரிசையாக அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரே சமையல், சீட்டாட ஒரு கூடம். இளம் வயதில் அந்தக் கரையையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவர் அப்பா. தோப்பைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு சாப்பாட்டில் அவர் கை நிற்கவே இல்லை. ரசத்தால் தட்டில் வரைபடம் போட்டுக் காட்டினார்.

தை மாதம் அறை தயாராகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை ஏழெட்டு மாதம் எங்கள் வீட்டில் கல்யாண வேலை நடப்பதுபோல் இருந்தது. கடற்கரை மணலில் நடக்கக் கால் பழகவேண்டும் என்று விடியற்காலையில் பாலாற்றுக்குப் போய் மணலில் நடந்தார். என் மனைவியிடம் காபி போடக் கற்றுக்கொண்டு, இரண்டு பாத்திரங்களைக் கரியாக்கினார். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று டிரங்குப் பெட்டிக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். ராத்திரி மாடியில் அந்தக் கோட்டுக்குள்ளேயே படுத்தார். காலையில் வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாகத்தான் வெளியே வருவார். ஒருநாள் மழை கோட்டை அழித்துவிட்டது. மறுநாளே புதிதாகப் போட்டார். இந்த முறை ஜன்னலைச் சற்றுப் பெரிதாக.

அவருக்கு இரண்டு சிநேகிதர்கள். அடுத்த வீட்டுத் துணிக்கடை பாய் ஒருவர். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இன்னொருவர். மூவரும் தினமும் மாலையில் கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அப்பாவின் திட்டத்தில் பாதி அந்த இருவருக்காகத்தான். வெள்ளிக்கிழமை பாய் கடை திறப்பதில்லை. தொழுகை முடித்து, போஸ்ட் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினால் மூன்றரை மணிக்குத் தோப்பில் இருக்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் அவர்களிடம் மூச்சு விடவில்லை.

"சாவி கைக்கு வரட்டும்டா. அப்புறம் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்றேன். பாய் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரு!"

அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா பாலாற்றுக்குப் போயிருந்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பாய் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, சர்வேயரு தெனம் கோடு போட்டுகினு கீறாரு? பாண்டி ஆடப் போறாரா?"

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். வாய் வரவில்லை. முதியோர் விடுதி என்றால் அந்தக் காலத்தில் நாதியற்றவர்கள் போய்ச் சேருகிற இடம். கோர்ட்டில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் காதில் கேட்டது: பெத்த அப்பனுக்குச் சோறு போட வக்கில்லாத வக்கீல்.

"டெல்லில தம்பி வீடு கட்டறான் பாய். அப்பாவுக்குன்னு ஒரு ரூம். அங்க போகப் போறார். அந்த ரூமைத்தான் அளந்து பாக்கறார்" என்றேன். டெல்லியில் எனக்கு ஒரு தம்பி இருந்தது மட்டும் நிஜம்.

பாய் முகம் சுருங்கிவிட்டது. "டெல்லியா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"உங்களைப் பிரியணுமேன்னு வருத்தம். அவரா சொல்ற வரைக்கும் கேக்காதீங்க."

எவ்வளவு நேர்த்தியான பொய். கேட்கவும் முடியாதபடி வாயைக் கட்டிவிட்டேன். கோர்ட்டில்கூட நான் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வாதாடியதில்லை. அன்றிரவு மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டாள், "மாமா சந்தோஷமாதானே போறார்? அதைச் சொல்ல உங்களுக்கு என்ன வெக்கம்?"

தை பிறந்தது, சாவி வந்தது. அப்பா இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றபடி, "ஒரு சேதி சொல்லணும்" என்று ஆரம்பித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாம் தெரியும் உக்காரு சார்" என்றார் பாய். "நீ சொல்லாட்டி எங்களுக்குத் தெரியாதா? இத்தப் புடி மொதல்ல."

ஒரு பொட்டலத்தை அப்பா மடியில் வைத்தார். உள்ளே கம்பளி ஸ்வெட்டர், காதை மூடும் குரங்குக் குல்லா.

"டெல்லி குளுரு எலும்பக் கடிக்குமாம். எங்க கடைல இதெல்லாம் ஏது? மெட்ராஸ் போயி வாங்கியாந்தேன்."

"நான் கேக்கவே வேணாம்னுதான் இருந்தேன்" என்றார் போஸ்ட் மாஸ்டர். "பையன் பாய்கிட்ட சொன்னானாம், நீங்க வருத்தப்படுவீங்கன்னு. இருந்தாலும் இவ்ளோ தூரம் போறீங்களே. இனிமே யார்கூட நான் சண்டை போடறது?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள். பாய் என்னை நாலு திட்டு திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். நான் திறக்கவில்லை.

அப்பா குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். "சரியா இருக்கா பாய்?"

"குரங்குக்கே வெச்சாப்புல கீது" என்றார் பாய். மூவரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் அப்பா கேட்டார், "ஏன்டா?"

"ஊர்ல தப்பாப் பேசுவாங்கப்பா."

"நான் சந்தோஷமாப் போறேன்னு பேசுவாங்க. வேற என்ன பேசப் போறாங்க?"

"நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"வேணாம். வக்கீல் பொய் சொன்னான்னு ஆயிடும். நீ இந்த ஊர்ல பிழைக்கணும்." அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டெல்லிக்குப் போகிறவர் ரயிலில்தானே போகவேண்டும்? கிளம்புகிற அன்று பாயும் போஸ்ட் மாஸ்டரும் மாலையோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். பாய் சென்ட்ரல் வரைக்கும் வருகிறேன் என்று பெட்டியிலேயே ஏறிவிட்டார். அவரை இறக்குவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரத்தில் போகவேண்டிய இடத்துக்கு, மெட்ராஸ் ரயிலில் சைதாப்பேட்டை வரை போய், அடையாறு போய், பச்சைப் பெட்டியைப் பஸ்மேல் ஏற்றி, கோவளம் வழியாகச் சுற்றிப் போனோம்.

வழியெல்லாம் வாய் திறவாமல் வருவார் என்று நினைத்தேன். அடையாறு தாண்டிக் கடற்காற்று முகத்தில் அடித்ததும் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "அந்தப் பனைதாண்டா என் பழைய எல்லை! அதோ, அங்கதான் கூடாரம் போட்டிருந்தோம்!" கோவளத்தில் மீன்கூடையோடு ஏறிய அம்மாள் அதட்டினாள்: "குந்து பெரியவரே! வுழுந்து வெக்கப் போற. சமுத்திரம் எங்கயும் ஓடிடாது."

"நான் இங்கயே குடி வரேம்மா" என்றார் அப்பா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. செங்கல்பட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியாததை அந்த அம்மாளிடம் சொன்னார். "வாயேன். மீனு நான் தரேன்" என்றாள் அவள்.

தோப்பில் அப்பா சந்தோஷமாகவே இருந்தார். கட்டில் ஜன்னலோரம் இருந்தது. காபியும் ஓரளவு குடிக்கும்படி போட்டார். நான் போகும்போதெல்லாம் முதல் கேள்வி அந்த இருவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஊரில் அந்த இருவரும் என்னைப் பார்த்தால் டெல்லியைப் பற்றிக் கேட்பார்கள். இல்லாத குளிரைப் பற்றி நானும் கதை சொல்வேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவருக்காக யாரும் வந்து இறங்கவில்லை.

இரண்டாவது வருடம் மழைக்காலத்தில் போஸ்ட் மாஸ்டர் இறந்துபோனார். டாக்சி எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டினார். திரும்பி வரும் வழியில், "இவ்ளோ சீக்கிரம் எப்படி வந்தீங்கன்னு கேட்டா என்னப்பா சொல்றது?" என்றேன். அப்போதும் என் கவலை அதுதான்.

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றார் அப்பா.

சாவு வீட்டு வாசலில் பாய் நின்றிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்லிலேந்தா வர?"

"நான் டெல்லிக்கே போகல பாய். நெம்மேலி கிட்டதான் இருக்கேன். ரெண்டு வருஷமா."

பாய் என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்த கேள்வி அவர் வாயில் வரவில்லை. மறுபடி அப்பாவிடம் திரும்பி, "அங்க போக எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு மூன்று பேரும் அதையே கேட்டார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கூடத்தில் கிடத்தியிருந்த போஸ்ட் மாஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.