துட்டி வீட்டில் வைத்த சோறு

உமாராணியின் குக்கர் விசில் அடிக்காது. மேலகரத்தில் அவர்கள் தெருவில் காலை ஏழு மணிக்கு மற்ற வீட்டுக் குக்கர்கள் எல்லாம் போட்டி போட்டுக் கத்தும். எந்த வீட்டில் பருப்பு, எந்த வீட்டில் கறி என்று தெருவே விசிலை எண்ணிச் சொல்லிவிடும். இவளுடைய எலக்ட்ரிக் குக்கர் மட்டும் அழுத்தக்காரி. அரிசியும் தண்ணீரும் வைத்து, மூடியைத் திருகி, பட்டனை அமுக்கினால் பத்து நிமிஷத்துக்கு வாயே திறக்காது. மூடியில் இருக்கிற சின்னப் பின் மேலேறுவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு மூச்சு விடும். நீளமான, களைத்துப்போன மூச்சு. அதற்கப்புறம் சோறு வெந்து மணி அடிக்கிறவரை சத்தம் கிடையாது.

அதை வாங்கிக் கொடுத்தவன் கொழுந்தன் மாரி. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, மிலிட்டரி கேண்டீனில் ஆளுக்கொரு சாமான் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். அண்ணனுக்கு சூட்கேஸ், அம்மாவுக்குக் கம்பளி, மைனிக்குக் குக்கர். “மைனி, இனிமே அடுப்பு பக்கத்துல நின்னு சாகாண்டாம். பட்டன அமுக்கிட்டு நீங்க பாட்டுக்குப் போய்க் குளிங்க” என்றான். ராயகிரியிலிருந்து கல்யாணமாகி வந்த பதினான்கு வருஷத்தில், அவள் அடுப்படியில் நிற்பதை ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசிய முதல் ஆள் அவன்தான்.

நிற்கத்தான் அவளுக்கு நேரம் ஏது? புருஷன் இசக்கிமணி போலீஸ்காரன். எப்போது போவான், எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. இவளுக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை வேலை, ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பத்து வயது மகள் அபிக்கு மூன்று வருஷமாகச் சர்க்கரை நோய். வேளைக்கு ஊசி, ஊசி போட்டால் வேளைக்குச் சாப்பாடு. இந்த லட்சணத்தில் குக்கர் வந்தது அவளுக்கு இன்னொரு கை முளைத்த மாதிரிதான். அடியில் அரிசி, மேலே சின்னப் பாத்திரத்தில் பருப்பு, ஓரத்தில் இரண்டு உருளைக்கிழங்கு. பட்டனை அமுக்கிவிட்டுப் பிள்ளைக்குத் தலை பின்னுவாள். பின்னி முடிக்கும்போது உள்ளேயிருந்து அந்த மூச்சு வரும்.

மாமியார் ஆவுடைத்தாய்க்கு மட்டும் அதைக் கண்டால் ஆகாது. “தீயக் காணும், புகையக் காணும், ஆனா வேகுது. என்ன எழவுச் சமையலோ” என்று முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுவாள்.

போன ஆடி மாதம், நல்ல சாரல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரி ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தான். உடம்பு நடுங்குகிறது என்று இரண்டு போர்வை போர்த்திப் படுத்தவன் விடியக்காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு தனியார் ஆசுபத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று தாள் எழுதிக் கொடுத்தார். முப்பத்தாறு வயது. ஆவணியில் கல்யாணம் பேசி முடிப்பதாக இருந்தது. ஏழு மணிக்கெல்லாம் கூடத்தில் ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிட்டது.

பெட்டி கொண்டு வந்தவர்கள் அடுப்படியில் இருந்த பெரிய பிளக்கில் வயரைச் சொருகி, கூடத்துக்கு இழுத்துப் பெட்டியை ஓடவிட்டார்கள். அது உர்ரென்று ஓடியது. அந்த உறுமலுக்கு மேலே பெண்களின் அழுகை. கண்ணாடிக்குள் மாரி, அப்போதும் குளிருக்கு ஒடுங்கிக் கிடக்கிறவன் போலவே கிடந்தான். உமாராணி அழுதாள். கூடப் பிறந்தவனுக்கு அழுவதைப் போலத்தான் அழுதாள்.

பதினொன்றரை மணிக்கு அபி வந்து அவள் தோளைத் தொட்டாள். “அம்மா, கை நடுங்குது.” அப்போதுதான் உமாராணிக்கு உறைத்தது. காலையில் அந்தக் களேபரத்திலும் பழக்க தோஷத்தில் பிள்ளைக்கு ஊசி போட்டிருந்தாள். தின்னக் கொடுத்தது நாலு பிஸ்கட்டும் டீயும்தான்.

துட்டி வீட்டில் பிணத்தை எடுக்கிறவரை உலை வைக்கக் கூடாது. சம்பந்த வீட்டுக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். அந்தச் சோறு ஆவுடைத்தாயின் பிறந்த ஊரான அச்சன்புதூரிலிருந்து பதினோரு மணிக்கே புறப்பட்டுவிட்டது. சனிக்கிழமை சீசன் கூட்டத்தில் குற்றாலம் ரோட்டில் எங்கேயோ வேனோடு மாட்டிக்கொண்டு நின்றது. உமாராணி பிள்ளையின் வாயில் ஒரு கை சீனியை அள்ளிப் போட்டாள். சீனி எத்தனை நேரம் தாங்கும்? அவளுக்கு ஒரு யோசனை வந்தது. உலை என்றால் தீ. குக்கரில் தீ எங்கே இருக்கிறது? மாமியாரே தினமும் சொல்லுகிற பேச்சுதானே அது!

குக்கரை முந்தானைக்குள் மறைத்துப் பின்னறைக்குக் கொண்டு போனாள். வாஷிங் மெஷின் பிளக்கில் சொருகினாள். இரண்டு டம்ளர் அரிசி, ஒரு கை பருப்பு, தண்ணீர். பட்டனை அமுக்கியதும் விளக்கு எரிந்தது. வெளிச்சம் தெரியாமலிருக்கப் பழைய போர்வை ஒன்றை அதன் மேல் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பின்னறைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் மாரியின் தலைமாடு.

உட்கார்ந்தாளோ இல்லையோ, ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. மின்விசிறி நின்றது. காலையிலிருந்து காதில் நிறைந்திருந்த சத்தம் சட்டென்று போனதில் அழுதுகொண்டிருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று வாயை மூடினார்கள். கூடம் முழுக்க அமைதி.

அந்த அமைதியில் ஒரு மூச்சு கேட்டது. நீளமான, களைத்துப்போன மூச்சு.

ஆவுடைத்தாய் எழுந்து நின்றாள். அழுகை போன இடம் தெரியவில்லை. “எம்பிள்ள மூச்சு விடுதான்” என்றாள். பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் காதிலும் அது விழுந்திருந்தது, அவர்கள் முகமே சொன்னது. “ஏலே, எம்பிள்ள மூச்சு விடுதாம்லே! பெட்டியத் தொறங்கலே!”

பெட்டியைத் திறந்தார்கள். கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெரியப்பா முறை வல்லிநாயகம் குனிந்து மூக்கருகில் புறங்கையை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். “ஒண்ணும் பிடிபடலயே. ஐஸ்ல கெடந்த ஒடம்பு, எப்படித் தெரியும்?” என்றார். ஆசுபத்திரிக்கே திரும்பக் கொண்டு போகலாம் என்றார்கள் சிலர். டாக்டர் தாளே கொடுத்துவிட்டார், இனி என்ன என்றார்கள் சிலர். இசக்கிமணி ஆம்புலன்சைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டான். எத்தனையோ பிணங்களுக்குப் பாரா நின்ற போலீஸ்காரன்தான், ஆனால் அவன் விரல் நம்பரைத் தேடித் தடுமாறியது.

ஆவுடைத்தாய் மகனின் கன்னத்தைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் உமாராணியால் பார்க்க முடியவில்லை. அந்த மூச்சு எதனுடையது என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. தினம் தினம் கேட்கிற மூச்சு. இந்தத் தாய் இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆசுபத்திரி வாசலில் நின்று, பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவை சாகக் கொடுக்க வேண்டுமா? வாயைத் திறந்தால் தன் மானம் போகும். திறக்காவிட்டால் அத்தையின் கதி என்ன? உமாராணி எழுந்தாள்.

“அத்தை, அது மாரித் தம்பி இல்ல. குக்கரு. அபிக்காக நாந்தான் பின்னறையில சோறு வச்சேன்.”

சொன்னது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கூடம் கொதித்தது. “பொணம் கெடக்க வீட்ல சோறு பொங்குனியா? நீ பொம்பளயாட்டி?” என்று ஆவுடைத்தாய் மார்பில் அடித்துக்கொண்டாள். ராயகிரிக்காரிக்கு வயிறுதான் பெரிது என்றாள் ஒருத்தி. பிறந்த வீட்டு வளர்ப்பு என்றாள் இன்னொருத்தி. அந்தச் சத்தத்தில் இசக்கிமணி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. பெட்டியை மூடினார்கள். குக்கர் எங்கே, காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது.

சொந்தத்தில் எலக்ட்ரிக் வேலை தெரிந்த சாம் திண்டாடித் தேடி ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டான், பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி, சண்டைச் சத்தம் கேட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டு, அபியைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்ச் சோறும் குழம்பும் ஊட்டிவிட்டாள். அதனால் உமாராணி பின்னறைப் பக்கமே போகவில்லை. அச்சன்புதூர்ச் சோறும் ஒருவழியாக இரண்டு மணிக்கு வந்தது. மூன்று மணிக்கு மாரியை எடுத்தார்கள். தூறலில் விறகு பிடிக்காமல் டயரும் மண்ணெண்ணெயும் போட்டு எரித்ததாகப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

ஐந்து மணிக்குக் கூடத்தைக் கழுவிவிட்டு உமாராணி பின்னறைக்குப் போனாள். போர்வையை எடுத்தாள். குக்கரில் விளக்கு இல்லை. சுவிட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள், அந்த அறையில் மட்டும் ஃபியூஸ் போய், கரண்டு வந்திருக்கவில்லை. மூடியைத் திருகினாள். உஸ் என்றுகூடச் சொல்லாமல் திறந்துகொண்டது.

உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு அடியில் அரிசி, ஊறி வெளுத்துக் கிடந்தது. விரலைவிட்டு ஓர் அரிசியை எடுத்து நசுக்கினாள், மாவாக உதிர்ந்தது. பருப்பு கடுக்கென்றிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தியது, கையை முந்தானையில் துடைத்தது, கூடத்தில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு நேரம்தான் அது ஓடியிருக்கிறது. ஒரு நிமிஷம் இருக்குமா? தண்ணீர்கூடச் சுட்டிருக்காது. மூச்சு விடுவதற்கு அதற்குப் பத்து நிமிஷம் வேண்டும். இதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே கிடையாது. அப்படியானால் கூடத்தில் கேட்டது?

வாசலில் ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றிருந்தார்கள். இசக்கிமணியின் குரல் கேட்டது. இப்போது ஓடிப்போய்ச் சொன்னால் என்ன செய்வார்கள்? என்ன செய்ய முடியும்? உமாராணி அரிசியையும் பருப்பையும் வடிகட்டித் தென்னைமரத்தடியில் குழி தோண்டி மூடினாள். குக்கரைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பெரிதாக அழுகை வந்தது. கூடத்துப் பெண்கள், திட்டியதற்காக அழுகிறாள் என்று நினைத்துச் சமாதானம் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஆவுடைத்தாய் தானாகவே, “ஏட்டி, அந்தக் குக்கர்லயே சோறு வை” என்றாள். மாரி வாங்கியது, கிடந்து வீணாகப் போக வேண்டாம் என்று சொல்லுகிறாள் என்றுதான் உமாராணி நினைத்தாள். இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படியில் கொண்டுவந்து போட்டு, குக்கருக்கு நேராக உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிஷம் ஆடவில்லை, அசையவில்லை. மூச்சு வந்தது. கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் இவள் பட்டனை அமுக்குகிற ஓசை கேட்டால் போதும், நாற்காலி வந்துவிடும். தலையைச் சாய்த்துக்கொண்டு ஆவுடைத்தாய் காத்திருப்பாள். அபிக்குத் தலை பின்னுகிற உமாராணியின் விரல்கள் பாதியில் நின்றுவிடும். இரண்டு பெண்களும் ஒரு பாத்திரத்தின் மூச்சுக்காகக் காத்திருக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் உமாராணிக்கு நாளிலேயே நீளமான நேரம். கேஸ் அடுப்புக்கு மாறிவிடலாம்தான். மாறினால் ஏன் என்று கேள்வி வரும்.

ஐப்பசியில் ஒருநாள், மூச்சு வந்து அடங்கியபிறகும் ஆவுடைத்தாய் எழுந்திருக்கவில்லை.

“இது அது இல்லட்டி” என்றாள்.

“அதேதான் அத்தை. எல்லா நாளும் இதே சத்தந்தானே வருது.”

“அன்னைக்குக் கேட்டது இதவிட நீளம். கடைசியில லேசா இழுத்துச்சு.”

உமாராணிக்கும் அது தெரியும். அவளுக்கும் அந்த இழுப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது. “அன்னைக்குப் பருப்புக் கூடப் போட்டுட்டேன் அத்தை, அதான்” என்றாள். பொய் இத்தனை சுலபமாக வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லி இந்த மனுஷியை எந்த நெருப்பில் தள்ளுவது?

குக்கர் மணி அடித்தது. திறந்து, ஆவி பறக்க மாமியாருக்குத் தட்டில் சோறு வைத்தாள். ஆவுடைத்தாய் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு நீ அதத் தொறந்து பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“வெந்திருந்துச்சா?”

“நல்லா வெந்திருந்துச்சு.”

ஆவுடைத்தாய் தலையை ஆட்டினாள். மனசு சமாதானம் ஆனவள் போலச் சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, வாய்க்குக் கொண்டு போகாமல் நிறுத்தினாள்.

“பிள்ளைக்கு ஜாஹிரா ஊட்டிட்டா. நாங்கள்லாம் அச்சன்புதூர்ச் சோறு தின்னோம். நீ பச்சத் தண்ணி குடிக்கல” என்றாள். “அப்ப அந்தச் சோத்த யாரு தின்னா?”

உமாராணி குக்கர் மூடியை எடுத்து மறுபடி திருகினாள். ஆவுடைத்தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை மெல்லத் தரையில் வைத்தாள்.