ரஜனி ரீச்சரின் அறை

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன் நான் ஒரு சமாதான ஒப்பந்தம் செய்துவைத்தேன். கோப்பி குடித்து, கைகுலுக்கி... எல்லாம் முறைப்படிதான்.

ரொக்ஸ்பரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ்த் தளத்தில் புலம்பெயர்ந்து வந்த எங்கள் சங்கத்தின் தமிழ் வகுப்பு நடக்கிறது. சங்கத்துக்கு ஒரு தலைவர். வருடாவருடம் அவரையே ஏகமனதாகத் தெரிவுசெய்கிறோம். ஏகமனது என்றால் என்ன? எதிர்த்துக் கை தூக்கியவர் அடுத்த கலியாணவீட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கவேண்டிவரும் — அந்தப் பயம்தான்.

முதலில் மண்டபப் பூட்டின் திறப்பு தன்னிடமே இருக்கட்டும் என்றார். குளிரில் முதல் ஆளாக வந்து கதவு திறக்கும் வேலை மிச்சம் என்று கொடுத்தோம். பிறகு மைக். பேச்சுகள் குறையும் என்ற நப்பாசையில் அதையும் கொடுத்தோம். பிறகு குசினி, தேத்தண்ணி அவர் சொன்னால்தான் வரும். இப்போது ரஜனி ரீச்சரின் வகுப்பறை தனக்கு அலுவலகமாக வேண்டுமாம்.

ரஜனி மட்டக்களப்புக்காரி. தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டைபிடித்த சின்னப் பிள்ளைகளைத் தமிழில் சண்டைபிடிக்க வைத்தவர். அறை போனால் வகுப்பு நடைபாதைக்குப் போகும். அங்கே வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் ஜனவரி உள்ளே வரும். பெற்றோர் கொஞ்சநாள் பொறுப்பார்கள். பிறகு பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பிவிடுவார்கள். வகுப்பின் கதை அதோடு முடிந்தது.

கமிட்டி என்னைத் தூது அனுப்பியது. இரண்டாம் உலகப்போர் பற்றி வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன் — அதுதான் தகுதி. கோப்பிக்கடையில் தலைவர் மிகவும் கனிவாக இருந்தார். இந்த அறையைத் தந்தால் இனி ஒன்றுமே கேட்கமாட்டேன் என்றார். கொடுத்துவிட்டேன்.

பெருமையோடு வந்து ரஜனியிடம் சொன்னேன். அவர் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதை நிறுத்தவில்லை.

"அது ஆர்ர அறை அண்ணன்?"

"உங்கடை."

"அப்ப கோப்பிக்கு என்னைத்தானே கூப்பிட்டிருக்கணும்."

1938இல் மியூனிக்கில் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு துண்டை ஜெர்மன் சர்வாதிகாரிக்கு வெட்டிக் கொடுத்தார்கள். துண்டுக்குச் சொந்தக்காரரை மேசைக்குக் கூப்பிடவில்லை. ஊர் திரும்பிய பிரிட்டிஷ் பிரதமர் இதோ சமாதானம் என்று ஒரு கடதாசியை ஆட்டிக் காட்டினார், சனம் கைதட்டியது. ஆறு மாதத்தில் மிச்ச நாடும் போனது. இதை வாசிக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வேன் — என்ன மடையர்கள் என்று.

மடையர் இல்லை. களைத்தவர். ஒரு பெரிய போரைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றை நினைக்கவே உடம்பு கூசும். எங்களுக்கும் அதுதானே? ஒரு போரிலிருந்து வந்தவர்கள்... சனிக்கிழமையாவது சண்டையில்லாமல் போகட்டுமே என்று இருக்கிறோம். அடாவடிக்காரர்களுக்கு எங்கள் களைப்பு நன்றாகத் தெரியும். அதில்தான் அவர்கள் சீவிக்கிறார்கள். திறப்பைக் கேட்ட அன்றே மாட்டோம் என்றிருந்தால், ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார். அவ்வளவுதான் செலவு.

போன சனிக்கிழமை தலைவர் ஒரு மேசையை இழுத்துக்கொண்டு வந்தார். ரஜனி எழும்பவில்லை. ரீச்சரைப் பார்த்துப் பிள்ளைகளும் எழும்பவில்லை.

"பாடம் நடக்குது. இருக்கிறண்டா இருங்க. இல்லாட்டி கதவைச் சாத்திட்டுப் போங்க."

கமிட்டி முழுவதும் நடைபாதையில் நின்று தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் மேசையை வெளியே இழுத்தார். பிறகு கதவை — மெதுவாகத்தான் — சாத்தினார்.

அறை தப்பியது. வெற்றிதானே? ஆனால் மேசை இன்னும் அவர் கையில் இருந்தது. அதை நேரே என்னிடம் இழுத்து வந்தார். நூலகம் என்ற பெயரில் மண்டபத்தில் இரண்டு அலமாரியும் ஒரு மூலையும் உண்டு. பொறுப்பாளர் நான்.

"உங்களோடையெண்டால் நிம்மதியாக் கதைக்கலாம் அண்ணை" என்றார், அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே.

மேசை கனமாக இருந்தது. மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.