ஆறு பேருக்கு ஒரு சகன்

1988 ஆவணியில் ஈரானும் ஈராக்கும் எட்டு வருடச் சண்டையை நிறுத்திவிட்டு, பேசுவதற்கு ஜெனீவாவுக்கு வந்தன. நான் வேலை பார்த்த ஹோட்டலுக்குப் பெரிய மனிதர் எவரும் வரவில்லை. இரு தரப்புச் சாரதிமாருக்கும் தட்டச்சுக்காரருக்கும் மதியச் சாப்பாடு கொடுப்பது மட்டும் எங்கள் பொறுப்பு.

செஃப் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ முஸ்லிம்தானே? நீயே சமை" என்றான். அவனுடைய பிரெஞ்சு எனக்குப் பாதிதான் விளங்கும். விளங்காததற்கெல்லாம் "உய், செஃப்" என்று தலையாட்டுவது வழக்கம். ஆட்டினேன். "முறைப்பாடு வந்தால் நாளைக்கு வராதே" என்றது மட்டும் முழுதாக விளங்கியது. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராத எனக்கு அந்த வேலைதான் பிடிமானம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எட பேயா, நெத்தியில திருநீறோட நிண்டு தலையாட்டுறாய்! அவையின்ர சாப்பாடு என்னெண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை, தெரியும்" என்றேன். வீம்புதான்.

ஆனாலும் முழுப் பொய் இல்லை. நான் மட்டக்களப்பான். காத்தான்குடியில் என் பள்ளித் தோழனின் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தபோது பெரிய தட்டம் ஒன்றில் சோறும் இறைச்சியும் குவித்து வைத்தார்கள். அதற்குச் சகன் என்று பெயர். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். என்னையும் இழுத்து உட்கார வைத்தான். எண்பத்தைந்தில் எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தங்களுக்குள் அடிபட்ட பிறகு நான் அவனுக்குக் கடிதம் போடவில்லை. அவனும் போடவில்லை. ரோசம், வேறென்ன!

உலகத்து முஸ்லிம்கள் எல்லோரும் சகனில்தான் சாப்பிடுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அல்ஜீரியக்காரர் கடையில் ஹலால் ஆட்டிறைச்சி வாங்கிப் புரியாணி போட்டேன். மண்டபத்தின் இரண்டு கோடியிலும் மேசைகள். மேசைக்கொரு பெரிய தட்டம். ஆளுக்கொன்றாக வைக்கும் சாப்பாட்டுக் கோப்பைகளும் கரண்டிகளும் அலுமாரியிலேயே கிடந்தன.

ஈராக்காரர் ஐந்து பேரும் தட்டத்தைக் கண்டதும் சட்டைக் கையை மடித்தார்கள். ஈரான்காரர் அப்படியே நின்றார்கள். ஒருவர் தனிக் கோப்பை கேட்டார். செஃப்பின் முகம் தக்காளியாகிவிட்டது. ஓடிப்போய்க் கோப்பைகளை அவனே அள்ளி வந்தான். என் வேலை போயிற்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்தப் பதற்றத்திலும் என் கண் ஈராக்காரரின் மேசையில்தான். ஐந்து பேராகவே தொடங்கப் பார்க்கிறார்களே! என்னை மீறி, "சிஸ்! சிஸ்!" என்று பிரெஞ்சில் ஆறைச் சொல்லி ஆறு விரலை நீட்டிவிட்டேன். மண்டபமே என்னைப் பார்த்தது. தட்டத்தின் காலியான பக்கத்தைக் காட்டி, ஆறாவது ஆள் வேண்டும் என்று கையாலேயே சொன்னேன். அண்ணை சமையலறை வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஈராக்காரரில் ஒரு சாரதி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எதிர்க் கோடியிலிருந்த நரைத்த ஈரான் சாரதியைப் பார்த்துக் கையசைத்தார். மூன்று நாளாகப் பக்கத்துப் பக்கத்தில் கார்களை விட்டும் ஒரு சொல் கதைக்காதவர்கள் அவர்கள். நரைத்தவர் கொஞ்சம் யோசித்தார். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே எழும்பி வந்து, ஆறாவது ஆளாக அமர்ந்தார். கடைசி வரை கரண்டியால்தான் சாப்பிட்டார்.

முறைப்பாடு வரவில்லை. "நாளைக்கும் இப்படியே செய். யார் பழக்கினது?" என்று செஃப் கேட்டான்.

"என் சிநேகிதன்" என்றேன்.

அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன். "மச்சான், வட்டிலப்பம் எப்படிச் செய்யிறது எண்டு உம்மாட்டக் கேட்டு எழுது." பதில் வந்து அந்த இனிப்பைச் செய்யுமுன் சாரதிமார் ஊர் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத எனக்கு வேறு சாட்டு இல்லை.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. "ஆறு பேருக்கா, அறுவது பேருக்கா எண்டு உம்மா கேக்கிறா. முதல்ல அதச் செல்லுடா மச்சான்."